பஞ்சு எடுத்த வெள்ளைத் தேயிலை

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் என் அத்தை எப்போதும் நடப்பாள். தனி ஆள்; சலவைக்கடை வைத்திருக்கிறாள். நான் கூட இருந்து துணி மடிக்கிறேன். கறுப்புக் கோட்டில் துளி பஞ்சு ஒட்டியிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட அடுத்தவர் தோளில் பஞ்சு பொறுக்கியிருக்கிறாள். கூடப் போன எனக்குத்தான் மானம் போனது.

எதிர்க்கடையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் இருக்கிறார். மனைவி இறந்து வெகுகாலமாயிற்று. மணி என்ன என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் அத்தையிடம், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேவிட்டார்.

"எங்க அக்கா அவங்க ஊருக்கே வந்துடச் சொல்றாங்க. நீங்க வேண்டாம்னா கடையைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன்" என்று ஒரு டப்பாவையும் நீட்டினார். சீனத்து வெள்ளைத் தேயிலை. "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க. தண்ணிய கொஞ்சம் ஆறவிட்டு ஊத்தி, மூடி வச்சுட்டுச் சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன், சேர்ந்து குடிக்கலாம். பதிலும் அப்பவே சொல்லுங்க."

அத்தையைச் சும்மா இருக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்றைக்கே ஒரு டம்ளர் போட்டு, ஊற்றிய கையோடு ஒரு வாய் குடித்தாள். "டம்ளர் கழுவின தண்ணி மாதிரி இருக்குடி! ஆளும் சப்புன்னு, டீயும் சப்புன்னு" என்று தள்ளி வைத்தாள். அதற்குள் திரைச்சீலை மூட்டையோடு ஒருவர் வந்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து, மறதியாக அதே டம்ளரை எடுத்துக் குடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "தொண்டையில இனிக்குதுடி" என்றாள். குரலே மாறியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், விளக்கடியில் உட்கார்ந்து கோட்டு பிரஷ்ஷால் அந்தத் தேயிலையை ஒவ்வொரு மொட்டாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி உடைந்திருந்தது.

"பூரா வெள்ளைப் பஞ்சு! எந்த லட்சணத்துல டப்பால அடைச்சிருக்கான் பாரு. இப்படியே அந்த மனுஷனுக்குக் குடுக்க முடியுமா?"

எனக்கும் அது பஞ்சாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து டப்பாவைத் திறந்தார். மொட்டையாகக் கிடந்த மொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அத்தை போட்டுக் கொடுத்ததை வாங்கிக் குடித்தார். அத்தை விடுவாளா?

"மூஞ்சியே சரியில்லையே. நேத்து உக்காந்து பஞ்சையெல்லாம் எடுத்துட்டுத்தானே போட்டேன்? உண்மையைச் சொல்லுங்க."

"அது பஞ்சு இல்லங்க. இளம் மொட்டுல இருக்கற பூனைமுடி. அந்த வெள்ளைக்குத்தான் இந்தப் பேரே."

அத்தை முகத்தில் ஈயாடவில்லை. "வந்ததுமே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எனக்காக யாரும் இவ்வளவு நேரம் உக்காந்து ஒரு வேலை செஞ்சதில்ல" என்றார் அவர். "அதான் இன்னொரு டம்ளர் கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வெந்நீரை எடுத்து வந்தாள்.

"இதே இலையில மறுபடி ஊத்தலாமா?"

"நாலஞ்சு தடவைகூட ஊத்தலாம். ரெண்டாவதுதான் நல்லா இருக்கும்."

"அப்படின்னா உக்காருங்க. இது ஊறுறதுக்குள்ள உங்க அக்காவுக்கு போன் போட்டு, வரலைன்னு சொல்லிடுங்க."