இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று

கோழிக் கொட்டகையில் தொடங்கிய கார்ப் பந்தய அணி என்று இப்போது கட்டாபா பள்ளத்தாக்கில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது நாற்றமடித்த காலத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்பது கோடிக் கோழிகள் வாழ்ந்து செத்த கொட்டகைபோல அப்படி ஒரு நாற்றம். ஹாய்ட் செட்ஸர் அதற்குள் ஒரு பழைய காரைத் தள்ளிக்கொண்டு போய், இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து, இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டி, கதவில் 38 என்று எழுதியபோது அவனிடம் இருந்த அணி மொத்தம் மூன்று பேர். அவன், அவன் சித்தப்பா மகன், அவன் மனைவி நாடீன்.

நாடீன் சாக்ஸ் ஆலையில் வேலை பார்த்தவள். டஜன் கணக்கில் ஜோடி சேர்த்துக் கட்டும் வேலை. எட்டு மணி நேரம் எண்ணினாலும் எண்ணிக்கை தப்பாது. அதனால் பந்தயத்தில் சுற்று எழுதும் வேலை இயல்பாக அவளுக்கு வந்து சேர்ந்தது. அப்போதெல்லாம் கார்களை எண்ணுவதற்கு இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒரு ஆளை அனுப்ப வேண்டும். ஓடுதளத்துக்கு மேலே மரப்பலகை மேடை, எதிரே ஆளுயரக் கடிகாரம், மடியில் கட்டம் போட்ட அட்டை. உன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுது, அவ்வளவுதான். யார் ஜெயித்தது என்பதைக் கொடிக்காரன் சொல்வதில்லை, அட்டைதான் சொல்லும். மேடையில் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களின் மனைவிமார்கள். டயர் மாற்றும் இடத்துக்குள் பெண் காலடி பட்டால் ராசியில்லை என்று விரட்டிய ஆண்கள், ஜெயிப்பதையும் தோற்பதையும் மட்டும் பெண்கள் கையில் கொடுத்திருந்தார்கள். இதில் என்ன புத்தி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாடீனுக்குப் பக்கத்து நாற்காலி வெர்டி போலிக்குடையது. நாடீனைவிடப் பதினேழு வயது மூத்தவள். அவள் கணவன் ராய்ஸ் போலிக்தான் அந்த வட்டாரத்தின் பெரிய கை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு தீ விபத்தில் இடது காது போய்விட்டது, மீதி எல்லாம் இருந்தது. கணவன்மார்கள் தளத்தில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள். மேலே மனைவிமார்கள் சீஸ் தடவிய ரொட்டியைப் பகிர்ந்து தின்பார்கள். அதோடு அவர்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. ஒருத்தி எழுந்து போக வேண்டியிருந்தால், அல்லது தன் கணவனின் கார் சுழல்வதைப் பார்க்கப் பயந்து முகத்தை மூடிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவள் இரண்டு அட்டையிலும் எழுதுவாள். விதிப்படி தவறு. ஆனால் எல்லோரும் செய்தார்கள், ஒருவரும் வெளியே சொன்னதில்லை.

1974 செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாய்ட்டுக்கு வாழ்வா சாவா என்ற பந்தயம். சோபா தொழிற்சாலை வைத்திருந்த கின்கெய்ட் என்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஒரே ஒரு முந்நூறு சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்துக் காட்டு, என் தொழிற்சாலையின் பெயரை உன் காரில் எழுதுகிறேன். பெயர் வந்தால் புது இன்ஜின் வரும், ஆட்கள் வருவார்கள். வராவிட்டால் குளிர்காலத்தில் காரை விற்றுவிட்டு ஹாய்ட்டும் ஆலைக்கே போக வேண்டியதுதான்.

இருநூற்றுப் பதினோராவது சுற்றை எழுதிவிட்டு நாடீன் தலையை நிமிர்த்தினாள். பின்பக்க வளைவில் புகை. அதற்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கார் பம்பரமாகச் சுற்றி வந்தது. அது 38. அவள் அட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, என்னால முடியல."

"பென்சிலக் குடு கண்ணு. நான் எழுதறேன். நீ பாக்காத."

எவ்வளவு நேரம் என்று நாடீனுக்குத் தெரியாது. வெர்டி முழங்கையால் இடித்து, "எந்திரி, உம் புருஷன் ஓடிட்டுத்தான் இருக்கான். இந்தா, உன் அட்டை," என்றபோது நான்கு சுற்றுகள் வெர்டியின் சாய்ந்த எழுத்தில் நிரம்பியிருந்தன. நாடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருநூற்றுப் பதினாறிலிருந்து தொடர்ந்தாள்.

முடிவுக் கொடி ராய்ஸுக்குத்தான் விழுந்தது. ராய்ஸ் காரின் கூரைமேல் ஏறி நின்று கையசைத்தான், கோப்பையையும் வாங்கிவிட்டான். அரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி வேறு கதை சொன்னது. அட்டைகளின்படி, முந்நூறு சுற்றை முதலில் முடித்தது முப்பத்தெட்டு. படம் எடுப்பவர்களுக்காகக் கோப்பையோடு மறுபடி கூரைமேல் ஏறியிருந்த ராய்ஸ் அப்படியே நின்றான். இறங்குவதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அதிகாரிகள் தங்கள் அறைக்கு இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்கள். தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெர்டியைக் கேட்டார்.

"மிஸஸ் போலிக், இந்தம்மா பக்கத்துலயே நீங்க உக்காந்திருந்தீங்க. இந்த அட்டை சரியா?"

"சரியாத்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தோக்கறது உங்க வீட்டுக்காரர்."

"அது எனக்குத் தெரியாதா? அட்டை சரி."

எதிராளியின் மனைவியே சாட்சி சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? ராய்ஸ் கோப்பையைக் கொண்டுவந்து ஹாய்ட்டின் கையில் கொடுத்தான். "ஒரு கோழிக்கூட்டுக்காரன்கிட்ட தோத்துட்டேன். போதும்டா சாமி," என்றான். சொன்னபடியே அந்த மாதமே காரை விற்றுவிட்டான். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய மனுஷன் ஒரே நாளில் நிறுத்திவிட்டான் என்று ஊரே அதிர்ந்துபோனது.

ஜெயித்த அணிக்கு அட்டையை ஞாபகார்த்தமாகக் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை மாலை ஹாய்ட் சமையலறையில் உட்கார்ந்து, பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டே சுழன்ற கதையைச் சொன்னான்.

"இன்ஜின் நின்னுபோச்சு நாடீன். சாவியத் திருப்புறேன் திருப்புறேன், வர மாட்டேங்குது. விபத்துக்குக் காட்டுன மஞ்சக் கொடியில மெதுவா வந்த மொத்தக் கூட்டமும் என்னைத் தாண்டிப் போயி, ஒரு முழுச் சுத்துச் சுத்தி மறுபடி எம் பின்னால வந்திருச்சு. அப்பத்தான் வண்டி உசுரு வந்துச்சு. ஒரு சுத்துப் போச்சுடான்னுதான் நெனச்சேன். கூரை மேல ராய்ஸப் பாத்தப்பகூட அவன்தான் ஜெயிச்சான்னு நெனச்சேன். பொம்பளைங்க நீங்க எண்ணுறது எங்களவிட சுத்தம்."

நாடீன் சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒரு சுற்று முழுக்க நின்ற கார் என்றால் இருநூற்றுப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்க வேண்டும். இல்லை. மஞ்சள் கொடியின் மெதுவான வேகத்தில் நாற்பது நொடி, அடுத்து நாற்பது, அடுத்தும் நாற்பது. நின்றிருந்த காருக்கு வெர்டி ஒரு சுற்று எழுதியிருந்தாள். வெர்டி பதற்றத்தில், உதவப் போய், பழக்க தோஷத்தில் தப்பாக எழுதிவிட்டாள். தன் புருஷனைத் தானே தோற்கடித்துவிட்டு, அது தெரியாமல் சாட்சியும் சொல்லிவிட்டாள். ஜெயித்தது ராய்ஸ்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. கின்கெய்ட், கையில் தொப்பியோடு.

"பெயிண்ட் அடிக்கிறவன வரச் சொல்லியிருக்கேன் தம்பி. எம் பேரு பெருசா இருக்கணும்," என்றார்.

ஹாய்ட் கொல்லைப்பக்கம் போய்க் கோழிக் கொட்டகைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். ஜன்னல் வழியாக நாடீன் பார்த்தாள். அட்டையை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம். அந்த நாளை மூன்று வருடம் வரவில்லை.

அணி வளர்ந்தது. வளர்ந்தது என்றால் சாதாரண வளர்ச்சியா? ஹாய்ட் மெக்கானிக்குகளைத் தேடிப் போகவில்லை, ஆலைக்குப் போனான். ஓடும் பின்னல் இயந்திரத்தில் ஒடிந்த ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற ஆட்களைப் பொறுக்கி எடுத்து, கையில் டயர் கழற்றும் துப்பாக்கியைக் கொடுத்தான். சுவரில் பள்ளிக்கூடக் கடிகாரம் மாட்டித் தினமும் மதியம் பழக்கினான். மற்ற அணிகள் இருபத்தைந்து நொடியில் செய்ததைக் கின்கெய்ட் ஆட்கள் பதினெட்டில் முடித்தார்கள். இரண்டாம் வருடம் இரண்டு கார், ஒன்பது ஆட்கள். மூன்றாம் வருடம் செங்கல் கட்டடம், இருபத்தாறு ஆட்கள், பெரிய ஓடுதளங்கள், ஆறு வெற்றி. அரை மைல் தளத்தில் நூறு மைல் வேகத்தில் ஓடியவன் இப்போது நூற்றுத் தொண்ணூறில் ஓடினான்.

நாடீன் ஒவ்வொரு ஞாயிறும் மேடையில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் இப்போது வேறு பெண்கள். சர்ச்சில் வெர்டியைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்னும். ராய்ஸ் தக்காளித் தோட்டம் போட்டுவிட்டானாம். காதில்லாத பக்கமாக மனைவி பேசினால் கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறானாம். என்னால் வீட்டில் முடங்கிவிட்டான் என்று நாடீன் நினைத்துக்கொள்வாள். ஒரு தடவைகூட வெர்டி முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் குத்தியது.

1977 அக்டோபரில், பெரிய தளத்தில், நூற்று நாற்பதாவது சுற்றை எழுதிவிட்டு நாடீன் அடுத்த கட்டத்தில் பென்சிலை வைத்தாள். மற்ற கார்கள் வந்தன. 38 வரவில்லை. கடிகாரம் ஓடியது. பின்பக்கச் சுவரோரம் எதுவோ எரிந்தது. இந்தத் தடவை அவள் முகத்தை மூடவில்லை. பென்சில் வெற்றுக் கட்டத்தின்மேல் நின்றபடியே இருந்தது, யாரோ வந்து கையைப் பிடித்து எழுப்பும் வரைக்கும்.

ஹாய்ட்டுக்கு இடுப்பு மூன்று துண்டு, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் மட்டும் இருந்தது. நான்காம் நாள் மதியம் வெர்டி மருத்துவமனைக்கு வந்தாள். துண்டில் சுற்றிய பாத்திரத்தில் கோழிக்கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், இன்னும் சூடாக இருந்தது. ஹாய்ட் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். நாடீனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, இது எனக்கு வந்த தண்டனை. அன்னிக்கு ஜெயிச்சது ராய்ஸ் அண்ணன்தான். நீங்க பதட்டத்துல ஒரு சுத்துக் கூட எழுதிட்டீங்க. எனக்கு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. உங்க குடும்பத்துக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

வெர்டி பாத்திரத்தை ஜன்னல் திண்டில் வைத்தாள். துண்டின் முனையை இழுத்து மூடினாள்.

"பதட்டமா? எனக்கா? இருபத்திரண்டு வருஷம் அந்தப் பலகையில உக்காந்திருக்கேன். நான் ஒரு சுத்துத் தப்பா எழுதிப் பாத்திருக்கியா?"

நாடீனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலையில ராய்ஸ் காபி குடிச்சிட்டே சொன்னாரு. இன்னிக்கு ஜெயிச்சா இன்னும் மூணு வருஷம் ஓட்டுவேன், தோத்தா வண்டிய வித்துருவேன்னு. ஒரு காது போச்சு. அடுத்தது என்ன போகும்னு நான் தினம் எண்ணிட்டிருந்தேன். நீ முகத்த மூடிக்கிட்ட. நான் மூடல. உன் வண்டி நின்னுட்டிருந்தத நல்லாப் பாத்தேன். பென்சில் என் கையில இருந்துச்சு."

"வேணும்னேவா எழுதினீங்க?"

"வேணும்னுதான்."

மூன்று வருடமாக நாடீன் சுமந்தது வேறு யாருடைய மூட்டையோ. தன் வீட்டுக்கு வந்தது வெற்றி என்று நினைத்திருந்தாள். வெர்டி தன் வீட்டிலிருந்து வெளியே தள்ளிய ஆபத்து, பக்கத்து நாற்காலிக்காரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கோபம் வந்ததா, அழுகை வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"ஹாய்ட்டப் பத்தி நெனக்கலயா அக்கா?"

"நெனச்சேன் கண்ணு," என்றாள் வெர்டி. "நெனச்சிட்டுத்தான் எழுதினேன்."

கட்டில் கிறீச்சிட்டது. ஹாய்ட் கண்ணைத் திறந்திருந்தான். அவர்கள் பேசியது அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. உதடு வறண்டிருந்தது. நாடீன் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

"எத்தன சுத்து ஓடினேன்?"

"நூத்தி நாப்பது."

"நல்லாப் பாத்தியா?"

"ஒவ்வொண்ணையும் நான்தான் எழுதினேன்."

போர்வைக்குக் கீழே கால் இல்லாத இடம் தட்டையாகக் கிடந்தது.

"வர ஞாயித்துக்கிழமைக்கு வேற டிரைவரப் பிடிக்கணும்," என்றான். "பசங்க இருபத்தாறு பேரு சும்மா உக்காந்திருக்க முடியாது. யாரு வந்தாலும் மொதல்ல அவன் பொண்டாட்டிக்கு அட்டை எழுத வருமான்னு கேளு."

நாடீன் வெர்டியைப் பார்த்தாள். வெர்டி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, ராய்ஸ் கீழே வண்டியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.