மரம் நனைந்தால் பஸ் ஏறு

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் நான் சேலை விற்றுத் திரிந்த காலத்தில் எனக்குப் பகையென்று யாருமில்லை. போட்டிக்கு மட்டும் ஒருவன் இருந்தான். இருவருக்கும் சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரே துணிக்கடை, ஒரே மாதிரி மூட்டை. எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவன், மோட்டார் சைக்கிளில் பறப்பான். நான் பஸ்ஸில் போவேன். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்துவிடும் என்று கடையில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தீபாவளிக்கு முன்னால், முதலாளி எங்களைக் கூப்பிட்டு இனி தோட்டப் பக்கத்துக்கு ஓர் ஆள் போதும் என்றார். யார் முதலில் மூட்டையைக் காலி செய்கிறாரோ அவருக்குத்தான் வேலை. கணவரை இழந்த என் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மூட்டையால்தான். பயந்தேன். ஆனால் தோற்பேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்கு இரண்டாவதாகப் போகிறவருக்குத் தேநீர் மட்டும்தான் கிடைக்கும். எங்கள் தொழிலின் விதி அது. அதனால் எனக்கு எது பக்கம் என்று நான் பார்ப்பதில்லை. அவனுக்கு எது பக்கம் என்று பார்ப்பேன். அவனுக்கு ஒரே கணக்கு: நிற்கிற இடத்திலிருந்து எந்தத் தோட்டம் கிட்டமோ அங்கே போவான், முடிந்ததும் அதற்குக் கிட்டத்தில் இருப்பதற்குப் போவான். பெட்ரோல் மிச்சம். புத்திசாலிதான், ஆனால் நாளைக்கு அவன் எங்கே நிற்பான் என்று வீட்டிலிருந்தே என்னால் சொல்லிவிட முடியும். அவன் சுங்கைப் பட்டாணியைச் சுற்றத் தொடங்கியபோது நான் நேரே மறுகோடியிலிருக்கும் லூனாஸில் போய் இறங்கி, கடைசித் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தேன்.

நடுவில், பாடாங் செராய் பக்கம், ஒரு பெரிய ரப்பர் தோட்டம் மட்டும் இருவருக்கும் மிஞ்சியது. அன்றைக்கு விடியும் முன்பே மழை. துணியை வைத்துக்கொண்டு மழையில் வண்டி ஓட்ட மாட்டான். பால் வெட்டு முடிந்து பெண்கள் மத்தியானம்தானே வீடு திரும்புவார்கள், வெயில் வந்து போனால் போதும் என்று இருந்துவிடுவான். டவுன்காரன் கணக்கு அது. நான் லயத்தில் பிறந்தவள். மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. காலையிலேயே எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். சேலைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை, முகங்கள் சுணங்கித்தான் இருந்தன. ஆனாலும் தீபாவளி தீபாவளிதான். ஒரு வீட்டு அஞ்சடித் தாழ்வாரத்தில் மூட்டையை அவிழ்த்தேன், லயமே அங்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

வெயில் வந்த பிறகு அவன் வந்தான். என் கையில் மடித்த பிளாஸ்டிக் மட்டும் இருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"இந்த மழையில எப்படிக்கா வந்தீங்க?"

"மழ பேஞ்சதுனாலதான் தம்பி வந்தேன்."

நனைந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது. பஸ் வர நேரமாகும், ஏறுங்கள் என்றான். பின் சீட்டில் கட்டியிருந்த அவன் மூட்டையைக் கழற்றி எடுத்து, என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடை வாசலில் இறங்கியபோது முதலாளி கண்ணில் பட்டது, வெறுங்கையோடு அவனும் மூட்டையோடு நானும்.

"அப்ப தம்பிதான்லா ஜெயிச்சது" என்றார்.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"அது என்னோட மூட்டை முதலாளி" என்றான். "அக்கா எல்லாத்தையும் வித்துட்டாங்க."

தோட்டப் பக்கம் எனக்கு வந்தது. அவன் எந்த நேரத்தில் எங்கே நிற்பான் என்று எல்லாம் எனக்குத் தெரியும் என்றிருந்தேன். அன்றைக்குக் கடை வாசலில் என் பக்கம் நிற்பான் என்பதை மட்டும் நான் கணக்கில் வைக்கவில்லை.