றெஜினா காதைக் காட்டிய நாள்

1961ஆம் ஆண்டு தவக்காலம். என் மகள் றெஜினா மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கு ஆறு வயது. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தலையைச் சுவரில் இடித்து இடித்து அழுதாள். எங்கே நோகிறது என்று பெற்ற தாய் எனக்கே தெரியவில்லை.

அவள் கதைக்காத பிள்ளை. காது கேட்கும். தூரத்தில் பஸ் வரும் சத்தத்துக்கே ஓடி ஒளிவாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகம் பார்க்கமாட்டாள். தொட்டால் கத்துவாள். நாள் முழுக்கக் கடற்கரைச் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். மற்றப் பிள்ளைகள் ஒரு வயதிலேயே நிலாவைக் காட்டும், காகத்தைக் காட்டும். இவள் எதையும் காட்டியதில்லை. பேய்க்குணம் என்றார்கள் சிலர். தாய் செய்த பாவம் என்றார்கள் சிலர். நான் அதை நம்பினேன். பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்காவின் மகளும் இவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதைக் கண்டால் கதவைச் சாத்திவிட்டு அழுவேன். வருடக்கணக்காக என் செபம் ஒன்றுதான்: மாதாவே, என் பிள்ளையைக் கதைக்க வையும்.

மூன்றாம் நாள் காலை நானும் என் கணவர் அந்தோனியும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தலைப்பக்கம் கை போனாலே பிள்ளை திமிறினாள்.

“பிள்ளைக்கு எங்கை அம்மா நோகுது?”

“தெரியேல்லை ஐயா. பிள்ளை கதைக்கமாட்டாள்.”

“கொஞ்ச நேரம் வெளியிலை வைச்சிருங்கோ. அழுகை அடங்கட்டும், திரும்பப் பாப்பம்.”

வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். “பிள்ளை எங்களுக்குத் தங்காது போலை கிடக்கு, மரியம்மா” என்றார் அந்தோனி. எந்தக் காற்றுக்கும் பயப்படாமல் கடலுக்குப் போகிற மனிதர். அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

செபமாலையை எடுத்தேன். வழக்கமான மன்றாட்டு வாயில் வரவில்லை. “மாதாவே, அவள் கதைக்க வேண்டாம். எங்கை நோகுது எண்டு மட்டும் எனக்குக் காட்டட்டும்” என்றேன்.

செபமாலையின் இரண்டாம் பத்து மணிகளில் இருந்தேன். மடியில் கிடந்தவள் என் கையைப் பிடித்தாள். ஒருவர் கையையும் தொடாத பிள்ளை! என் விரலைத் தன் வலது காதில் கொண்டுபோய் வைத்தாள். நான் கையை எடுத்தேன். மறுபடியும் வைத்தாள்.

“ஐயா! காது! பிள்ளை காதைக் காட்டுறாள்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

காதுக்குள் சின்னஞ்சிறு சிப்பி ஒன்று சிக்கி, சுற்றிவரச் சீழ் கட்டியிருந்தது. டொக்டர் அதை எடுத்தார், ஊசி போட்டார். “நல்ல வேளை, பிள்ளை காட்டினது” என்றார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொழுக்கட்டை அவித்தேன். குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் அவிப்போமே, அதேதான். திரேசம்மா அக்கா எட்டிப் பார்த்தா.

“என்னடி, உன்ரை வீட்டிலை ஆருக்குப் பல்லு முளைச்சது?”

“ஒருத்தருக்கும் இல்லை அக்கா. என்ரை பிள்ளை விரல் பிடிச்சு நோவைக் காட்டினவள்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எங்கடை வீட்டுக்கும் தா. இது பல்லைவிடப் பெரிய விசயம்” என்றா.

அன்றிலிருந்து நான் கதவைச் சாத்துவதில்லை. றெஜினா முதல் தடவை கோப்பையில் தண்ணீர் குடித்த நாள், செருப்புப் போடச் சம்மதித்த நாள், தகப்பனின் தோணியைக் கண்டு சிரித்த நாள், எல்லாம் எங்கள் வீட்டில் திருநாள்தான். இன்று அவளுக்குப் பதினொரு வயது. இன்னும் கதைக்கவில்லை. கதைக்காவிட்டாலும் என் பிள்ளைதான்.

சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் யாருக்கும் ஒளிக்காதீர்கள். மாதாவிடம் பெரிதாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள். அவா கேட்பா. போன ஞாயிறு றெஜினா சட்டைத் தெறிகளைத் தானே பூட்டினாள். ஒரு பொத்தான் ஓட்டை மாறிப் போயிருந்தது. நான் திருத்தவில்லை. அப்படியே பூசைக்குக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினேன்.