பன்னிரண்டு விநாடி

எங்கள் தங்கவயல் பஸ் ஸ்டாண்டு சந்திப்புக்கு சிக்னல் நேரம் குறித்துக் கொடுத்தவன் நான்தான். நடந்து போகிறவர்கள் ரோட்டைக் கடக்கப் பன்னிரண்டு விநாடி. பெங்களூரு ஆபீசில் உட்கார்ந்து, சராசரி நடைவேகத்தை வைத்துப் போட்ட கணக்கு.

சிக்னல் இயங்கிய முதல் நாள் காலை, பெருமையோடு ஓரமாய் நின்றிருந்தேன். கடக்கத் தொடங்கிய பெரியவர் ஒருவர் நடு ரோட்டிலேயே நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சிக்னலில் எண்கள் இறங்கின. மூன்று, இரண்டு, ஒன்று. பஸ்ஸுக்குப் பச்சை விழுந்தது. கையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் ஓடினேன். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

"இன்னாயா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

பெரியவர் என் தோளைப் பற்றிக்கொண்டார். "மன்னிச்சிக்கோ நைனா. நெஞ்செல்லாம் மைன்ஸ் தூசி. நின்னு நின்னுதான் நடக்கறேன்."

அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? என் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். டீக்கடைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். அதைப் பார்த்தே வளர்ந்த நான், கணக்கில் அவரை விட்டுவிட்டேன்.

இப்போது அங்கே முப்பது விநாடி. காலி ரோட்டுக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று பைக் ஓட்டுகிறவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.