டிக்கிக்குள் கேட்ட சத்தம்

கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று காட்டுப்பாக்கம் போகையில் மகனுடைய காரின் பின்பக்கம் ‘கடக் கடக்’ என்றது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அவர் ஒரு முதலாளிக்கு அம்பாசிடர் ஓட்டினார். அதிலும் இதே சத்தம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்காவிட்டால் வேறு டிரைவர் என்றார் முதலாளி. மூன்றாவது படித்த என்னை அப்பா டிக்கிக்குள் படுக்கவைத்தார்.

“எந்தப் பக்கம் கத்துதுன்னு கேட்டுகினு வா கண்ணு. பயமாகீதுன்னா தட்டு.”

இருட்டு, பெட்ரோல் நாற்றம். நான் தட்டவில்லை. இறங்கியதும், “இடது சக்கரத்துக்கு மேல நைனா” என்றேன். அங்கே ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. முறுக்கியதும் சத்தம் நின்றது.

முதலாளி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “இவ்ளோ சுலபமா? அப்ப இத்தினி நாளா வேணும்னே உட்டுவெச்சியா?” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அப்பா அம்மாவிடம், “பாப்பா சரியாத்தான் சொல்லிச்சு” என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். எதற்கும் அன்று வீட்டில் இருந்த என் அக்காவைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.