மிலான் மதுக்கடைகளுக்குக் கடிதம் எழுதியவர்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க் அகதி விடுதியில் என் அறையில் இருந்தவர் அவர். ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி. மது வாடையே அவருக்கு ஆகாது. ஆனால் மிலான் நகரத்துக் கால்வாய்க் கரையின் இரவுக் கேளிக்கைகளுக்கான ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கும். உல்லாசப் பயணிகள்போல் தெரிய, அவர்களைக் களவாக ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கொடுத்தது. வழியில், இத்தாலியில், பொலிஸ் கூட வந்த தம்பியை ரயிலிலிருந்து பிடித்து இறக்கிவிட்டது. பிறகு, அந்தக் கரையில் ஏதோவொரு மதுக்கடையில் தம்பி கோப்பை கழுவுவதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

தினமும் காலையில் வழிகாட்டியிலுள்ள ஒரு கடைக்குத் தம்பியை விசாரித்துக் கடிதம் எழுதுவார்.

"எல்லாக் கடையும் முடிஞ்சா என்ன செய்வியள், அண்ணை?" என்று கேட்டேன்.

"திரும்ப முதல்ல இருந்து எழுதுவன்."

பனிக்காலத்தில் ஒரு பதில் வந்தது. டேனிஷ் படிப்பித்த ஆசிரியை அந்த இத்தாலியத் தபாலட்டையை வாசித்துச் சொன்னார். தம்பி அங்கேதான் வேலை செய்தானாம். கடிதம் போய்ச் சேருமுன்பே, அண்ணனிடம் போவதாகச் சொல்லி இரண்டு மாதத்துக்கு முன் புறப்பட்டுவிட்டானாம்.

"நான் எந்த நாட்டில எண்டே அவனுக்குத் தெரியாதே," என்றார் அவர்.

அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் இக்காஸ்ட் என்ற ஊரில் வீடு கிடைத்தது. நான் பெட்டி கட்டினேன், அவர் கட்டவில்லை.

"அவன் வந்தா இங்க ஆள் வேணுமெல்லே," என்றார்.