குதிரைப் பாணில் விழுந்த குறி

எண்பத்து நாலாம் ஆண்டு மெல்பேர்னில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது உடுத்த ஒரு சேட்டும் ஏழாம் வகுப்புப் படிப்பும்தான். பாண், அதாவது ரொட்டி, சுடுகிற தொழிற்சாலையில் மா வெட்டும் மெஷினுக்கு வலது கை நடுவிரலில் பாதியைக் கொடுத்தேன். மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு நோபல் பார்க்கில் சொந்தமாகப் பேக்கரி போட்டேன், பாண் வேகிற போறணையை நானே செங்கல் அடுக்கிக் கட்டினேன், கடன் தரமாட்டேன் என்று வங்கிக்காரன் துரத்திய அதே தெருவில் கட்டடத்தையே வாங்கினேன், மல்கிரேவில் மாடிவீடு கட்டினேன், ஒரே மகளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பினேன். இதில் எதையும் சாமியோ பேயோ செய்து தரவில்லை, இந்தக் கைதான் செய்தது. பேய்க்கதை சொல்ல வருகிறவனை நான் கடைக்குள்ளேயே ஏற்றமாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

மகளின் பெயர் தர்ஷினி. நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தின் சரித்திரத்தை ஆராய்ந்து டொக்டர் பட்டம் எடுத்தவள். எங்கள் சனம் சும்மா விடுமா? “டொக்டர் எண்டினம், காய்ச்சலுக்கு மருந்து எழுதத் தெரியுமோ?” என்று கலியாண வீட்டில் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல், அவள் இங்கிலாந்து ராசாமாரைப் பற்றிப் படித்தவள் என்று சொல்லித் திரிந்தேன். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

“ராசா இல்லை அப்பா. ராசாவுக்கு வரி கட்டினவன், அவன்ர மனிசி, அவை என்ன திண்டவை, பசி வந்தா என்ன செய்தவை, அதுதான்.”

“அதை அறிஞ்சு ஆருக்கு என்ன லாபம்?”

“பேக்கரிக்காரன் கேக்கிற கேள்வியா இது?”

பஞ்ச காலத்தில் அங்கே ஏழைகளுக்குக் கோதுமை எட்டாதாம். பட்டாணியும் அவரையும் அரைத்து, குதிரைக்கென்று சுட்ட பாணைத்தான் மனிதரும் தின்றார்களாம், பெயரே குதிரைப் பாண். அதை எனக்குச் சுட்டுத் தாருங்கள் என்று வந்து நின்றாள். சனிக்கிழமை மத்தியானங்களில் நூலகங்களில் பேசப் போவாள், வந்திருக்கிறவர்களுக்கு அந்தப் பாணில் ஒவ்வொரு துண்டு கொடுப்பாள். வாசித்தால் மறந்துவிடுவார்கள், சப்பினால் மறக்கமாட்டார்கள் என்பது அவள் எண்ணம். முதலில் சுட்டது மணல் மாதிரி உதிர்ந்தது. நான் விடுவேனா, மாவை மாற்றி மாற்றிக் குழைத்து, கத்தி வைத்தால் துண்டாக வருகிற பாணாக ஆக்கிக் கொடுத்தேன். வாயில் வைக்க முடியாது, அது வேறு கதை.

ஒருநாள் நான் மாவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “அந்தக் காலத்தில பாண் சுடுறவன் தன்ர குறியைப் பாணில குத்த வேணும் அப்பா. சட்டம். நிறை குறைஞ்சா ஆளைப் பிடிக்க.”

“நான் நிறை குறைக்கிற ஆளோ? எண்டாலும் எனக்கும் ஒரு குறி வேணும்.”

அவள் என் வலது கையைப் பிடித்து மூன்று விரலை மாவில் பதித்தாள். இரண்டு நீளக் குழி, நடுவில் ஒரு குட்டைக் குழி. “இதை ஒருத்தரும் கள்ளமாப் போடேலாது,” என்று சிரித்தாள். சின்ன வயதில் தன் நடுவிரலை மடக்கிக்கொண்டு “அப்பான்ர கை, அப்பான்ர கை” என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தவள் அவள்.

பிறகு புற்றுநோய் என்றார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைத் தடவிக்கொண்டு, “புத்தகம் வரட்டும் அப்பா. முதல் பக்கத்தில உங்கட பேர் வரும், பாண் சுட்டவர் எண்டு,” என்றாள். புத்தகம் பாதியில் நின்றது, அவள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பதும், பிறகு தட்டிவிட்டுத் திறப்பதும் எங்கள் வழக்கம். இரவில் செய்கிற சடங்கை, ஆட்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் பட்டப்பகலில் செய்தோம். மனைவி யோகம் சோறு கறி வைத்தாள். நான் குதிரைப் பாண் சுட்டேன். குறி வைக்க மட்டும் கை எழும்பவில்லை. இனி யாருக்குக் குறி என்று வெறும் பாணாகவே போறணைக்குள் தள்ளினேன், வெறும் பாணாகவே எடுத்தேன், நானே கொண்டுபோய்ப் படைத்தேன். ஜன்னலால் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி அதற்கு முன்னாலேயே நின்றேன், ஒரு குஞ்சும் உள்ளே போகவில்லை.

தட்டிவிட்டுத் திறந்தேன். சோறு கறி வைத்தபடி இருந்தது. பாணின் மேலே குறி இருந்தது. இரண்டு நீளக் குழி, நடுவில் ஒரு குட்டைக் குழி.

யோகத்தின் தம்பி என் தோளைப் பிடித்து, “அத்தான், நீங்களே குத்திப்போட்டு மறந்திட்டியள். மனம் சரியில்லாத நேரம்,” என்றான். நான் என் விரல்களை அந்தக் குழிகளில் வைத்தேன். உள்ளே போகவில்லை. குழிகள் சின்னன், ஒரு சின்னப்பிள்ளையின் விரல் அளவு. வெந்த பாணை அழுத்தினால் மேல்தோல் வெடிக்கும், பாண் சுட்டே கிழவனானவன் சொல்கிறேன். அதில் ஒரு வெடிப்பும் இல்லை, பச்சை மாவில் அழுத்தினது மாதிரி வழுவழுவென்று இறங்கியிருந்தது. யோகம் கிட்ட வந்து பார்த்துவிட்டு, “பிள்ளை விரலை மடக்கிப் போட்டிருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

நான் கட்டியது எதுவும் பிறகு எனக்கு உதவவில்லை. பேக்கரியை வந்த விலைக்கு விற்றேன். மாடிவீட்டில் இரண்டு கிழங்கள் கீழ்த்தளத்தில் மட்டும் வாழ்கிறோம், மேலே ஏற ஆள் இல்லை. அந்தப் பாண் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. காய்ந்து கல்லாகிவிட்டது, தட்டினால் மரம் மாதிரிக் கேட்கும். ஆனால் அந்தக் குட்டைக் குழியின் அடி மட்டும் இன்றைக்கும் பச்சை மா மாதிரி மெத்தென்று இருக்கிறது. நம்பினால் நம்புங்கள். அழுத்திப் பார்க்கப் பயம், அதனால் சின்னி விரல் நுனியால் தொட்டுவிட்டு எடுத்துவிடுவேன்.

அவளுடைய பேராசிரியர் புத்தகத்தை முடித்து வெளியிட்டார். அதில் என் பாணின் படம் இருக்கிறது, நான் நூலகத்துக்குக் கொடுத்துவிட்ட பழைய பாண், என் மூன்று விரலும் துலாம்பரமாகத் தெரிகிறது. கீழே ‘அக்காலத்து முறைப்படி சுடப்பட்டது’ என்று போட்டிருப்பதாக வாசித்துச் சொன்னார்கள். சுடப்பட்டதாம். தானாகச் சுடுபட்டதோ? முதல் பக்கத்தில் யார் யாருக்கோ நன்றி இருக்கிறது, என் பேர் இல்லை. மறுபதிப்பு வரும்போது போட்டே ஆகவேண்டும்: பாண் சுட்டவர் செல்லத்துரை, தர்ஷினியின் தகப்பன். பேர் போட இடமில்லை என்றால் என் குறியையாவது போடுங்கள். அவள் போட்டுவிட்டாள்.